விமானம் இடம் மாறும், மூப்பு மாறாது

(கல்லூரி ஒன்றில் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விமானி வேலை என்றால் நம் வீடுகளில் இன்றும் ஒரு மயக்கம் உண்டு. வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை, கைநிறையச் சம்பளம். நிலத்தை விற்றாவது, வங்கியில் கடன் வாங்கியாவது பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் இருக்கிறார்கள். இந்த அவையிலும் அந்த ஆசையோடு சிலர் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் ஆசையைக் கெடுக்க நான் வரவில்லை. அந்தத் தொழிலுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது, அதைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள் என்று சொல்ல வந்திருக்கிறேன். அந்தக் கணக்கு ஒளிவுமறைவில்லாமல் தெரியும் இடம், அமெரிக்காவில் சின்ன ஊர்களுக்குப் பறக்கும் பிராந்திய விமான நிறுவனங்கள். அதனால் இன்றைய பேச்சின் பெரும்பகுதி அமெரிக்காவைப் பற்றியது. கடைசியில் நம் ஊருக்கு வருகிறேன்.

ஒரு நிறுவனத்தின் கதையோடு தொடங்கலாம். 1977இல் சின்சினாட்டி நகரில் காமேர் என்ற சிறு நிறுவனம் பிறந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க அரசு விமானத் துறையின் மீதிருந்த கட்டுப்பாடுகளை நீக்கியது. எந்த ஊருக்குப் பறப்பது, என்ன கட்டணம் வாங்குவது என்பதை நிறுவனங்களே முடிவு செய்யலாம் என்றானது. பெரிய நிறுவனங்கள் சின்ன ஊர்களை விட்டு விலக, அந்த இடத்துக்குக் காமேர் போன்றவை வந்தன. 1984 முதல் அது டெல்டா என்ற பெரிய நிறுவனத்தின் பெயரைத் தாங்கிப் பறந்தது. பம்பார்டியர் நிறுவனத்தின் 50 இருக்கை ஜெட் விமானத்தை 1993இல் அமெரிக்காவுக்கு முதலில் கொண்டுவந்ததும் காமேர்தான். பயணிகளுக்கு அந்த ஜெட் பிடித்துப் போயிற்று. நல்ல லாபம் பார்த்த அந்த நிறுவனத்தை முழுதாக வாங்கிக்கொள்ள 1999இல் டெல்டா முடிவு செய்தது. 2001இல் காமேர் விமானிகள் 89 நாள் வேலைநிறுத்தம் செய்து புதிய ஊதிய ஒப்பந்தம் பெற்றார்கள்.

பிறகு காற்று திசை மாறியது. 2005இல் டெல்டா திவால் சட்டத்தின் பாதுகாப்பைத் தேடிப் போனது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. 50 பேரை ஏற்றும் விமானத்துக்கும் இரண்டு விமானிகள், இரண்டு என்ஜின். 76 பேரை ஏற்றும் விமானத்துக்கும் அதே இரண்டும் இரண்டும். இருக்கைக் கணக்கில் பார்த்தால் சின்ன ஜெட் கட்டுப்படியாகவில்லை. காமேரின் 97 விமானங்களை 44 ஆகக் குறைக்கப் போவதாக 2010 செப்டம்பரில் டெல்டா அறிவித்தது. 2012 ஜூலையில், அந்த 44உம் வேண்டாம், நிறுவனத்தையே மூடுகிறோம் என்றது. 2012 செப்டம்பர் 29ஆம் நாளோடு காமேர் முடிந்தது. அப்போது அது டெல்டாவின் மொத்தப் பறப்பில் ஏறத்தாழ ஒரு சதவீதம். டெல்டா பெயரில் சின்ன விமானங்கள் பறப்பது அதோடு நின்றுவிடவில்லை. வேறு ஒப்பந்த நிறுவனங்கள் தொடர்ந்து பறந்தன. பயணச்சீட்டில் இருந்த பெயரும் மாறவில்லை. நின்றுபோனது காமேர் ஊழியர்களின் வேலை மட்டும்தான்.

இது எப்படிச் சாத்தியம்? நாமக்கல் பக்கத்தில் லாரித் தொழில் தெரிந்தவர்களுக்கு எளிதில் புரியும். வண்டியின் பக்கவாட்டில் சிமென்ட் கம்பெனியின் பெயர் எழுதியிருக்கும். எங்கே போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்று சொல்வது கம்பெனி. ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுப்பது ஒப்பந்தக்காரர். பிராந்திய விமான ஒப்பந்தமும் இப்படிப்பட்டதுதான். சீட்டு விற்பது பெரிய நிறுவனம். கால அட்டவணையும் கட்டணமும் அதன் கையில். எரிபொருள் செலவும் பெரும்பாலும் அதனுடையது. பல ஒப்பந்தங்களில் விமானமே அதனுடையதுதான். விமானத்தை ஓட்டிக் கொடுப்பதற்காகப் பிராந்திய நிறுவனத்துக்கு ஒரு நிலையான தொகை கிடைக்கும். விமானம் நிரம்பினாலும் காலியாகப் பறந்தாலும் அதே தொகை. அப்படியானால் பிராந்திய நிறுவனம் எந்தச் செலவைக் குறைத்து லாபம் பார்க்க முடியும்? எரிபொருளில் முடியாது, விமான வாடகையிலும் முடியாது. மிஞ்சியிருப்பது ஆட்களின் சம்பளம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது ஒரு நிறுவனம் இன்னொன்றை வெல்வதென்றால் பெரும்பாலும் அந்தச் சம்பளத்தைக் குறைத்துத்தான் வெல்ல முடியும்.

இந்த இடத்தில்தான் பணி மூப்பு உள்ளே வருகிறது. அரசு அலுவலகங்களில் சீனியாரிட்டி பட்டியலுக்காக நீதிமன்றம் வரை போகிறவர்களை நமக்குத் தெரியும். அமெரிக்க விமானிக்கு அந்தப் பட்டியல்தான் எல்லாம். நிறுவனத்தில் சேர்ந்த நாளை வைத்து ஒரு எண் கிடைக்கும். எந்த ஊரைத் தளமாகக் கொண்டு வேலை செய்வது, எந்த விமானம், தீபாவளிக்கு நாம் கேட்பது போல அவர்கள் கிறிஸ்துமஸுக்குக் கேட்கும் விடுப்பு, துணை விமானி கேப்டன் ஆவது, எல்லாம் அந்த எண்ணின் வரிசைப்படி. ஆட்குறைப்பும் அதே வரிசையில்தான், கீழிருந்து மேலே: கடைசியாக வந்தவர் முதலில் வெளியே. மேலதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடம் கொடுக்காத ஏற்பாடு என்பதால் விமானிகளே இதை விரும்பிக் காப்பாற்றி வருகிறார்கள். குறை ஒன்றுதான். அந்த எண்ணுக்கு அடுத்த நிறுவனத்தில் மதிப்பு இல்லை. பதினைந்து ஆண்டு பறந்த கேப்டன் வேறு நிறுவனத்துக்குப் போனால் பட்டியலின் அடியில் நிற்க வேண்டும். பெரும்பாலும் மீண்டும் துணை விமானி, மீண்டும் முதலாண்டுச் சம்பளம்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பிராந்திய நிறுவனம் பத்து, பதினைந்து ஆண்டு நிலைத்து நிற்கிறது. அதன் விமானிகள் பட்டியலில் மேலே ஏறுகிறார்கள், சம்பளப் படியும் ஏறுகிறது. அவர்கள் அனுபவம் கூடக் கூட நிறுவனத்தின் செலவும் கூடுகிறது. பக்கத்தில் நேற்று தொடங்கிய நிறுவனம் ஒன்று. அங்கே எல்லோரும் புதியவர்கள், சம்பளமும் கீழ்ப்படியில். பெரிய நிறுவனம் யாருக்கு ஒப்பந்தம் கொடுக்கும்? காமேரை மூடியபோது டெல்டா சொன்ன காரணங்களில் ஒன்று, மற்ற ஒப்பந்த நிறுவனங்களைவிட அங்கே செலவு அதிகம் என்பது. ஒரு விமானிக்குப் பாதுகாப்பு தர வேண்டிய மூப்பே, எல்லோருடையதும் சேரும்போது, நிறுவனத்துக்குப் பாரமாகிறது. நான் இன்று சொல்ல வந்ததன் மையம் இதுதான். இந்த நிலையின்மையைப் பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒப்பந்தத்தின் அமைப்பிலேயே அது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு எடுத்துக்காட்டில் இது நன்றாகத் தெரியும். 2013 டிசம்பரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் யுஎஸ் ஏர்வேஸும் இணைந்தன. அதே மாதம் புதிய நிறுவனம் பிராந்தியப் பறப்புக்காக 60 எம்ப்ரேயர் 175 விமானங்களையும் 30 சிஆர்ஜே 900 விமானங்களையும் வாங்க முடிவு செய்தது. அவற்றை யார் ஓட்டுவார்கள் என்பது பேரத்துக்கு உரிய விஷயமாக இருந்தது. அந்தக் குழுமத்துக்கே சொந்தமான பிஎஸ்ஏ என்ற பிராந்திய நிறுவனத்தின் விமானிகள் ஊதிய விட்டுக்கொடுப்புக்குச் சம்மதித்தார்கள். 30 சிஆர்ஜே அவர்களுக்கு வந்தது. அதே குழுமத்தின் இன்னொரு நிறுவனமான என்வாயின் விமானிகள் 2014 மார்ச்சில் அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். என்வாய் சுருங்கும் என்று நிர்வாகம் சொன்னது. எம்ப்ரேயர் விமானங்களில் ஒரு பகுதி காம்பஸ் என்ற வெளி நிறுவனத்துக்குப் போனது. சில மாதம் கழித்து என்வாய் விமானிகள் மீண்டும் பேச்சுவார்த்தைக்கு வந்து நீண்டகால ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கும் புதிய எம்ப்ரேயர்கள் வந்தன. கதை அங்கே முடியவில்லை. 2020இல் காம்பஸ் மூடப்பட்டது. அமெரிக்கனுக்காக அது ஓட்டிவந்த எம்ப்ரேயர்கள் எங்கே போயின தெரியுமா? என்வாய்க்கு. விமானங்கள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து சேர்ந்துவிட்டன. அவற்றை ஓட்டிய காம்பஸ் விமானிகளின் மூப்பு எந்த இடத்துக்கும் வந்து சேரவில்லை.

தொழிற்சங்கம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, பதில்தான் சிக்கல். பெரிய நிறுவனங்களின் விமானிகளுக்கு ஒரு பயம் உண்டு. நிர்வாகம் எல்லாப் பறப்பையும் மலிவான ஒப்பந்த நிறுவனங்களிடம் கொடுத்துவிட்டால் தங்கள் கதி என்ன? அதைத் தடுக்க அவர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வேலி போட்டார்கள். ஒப்பந்த நிறுவனங்கள் 76 இருக்கைக்கு மேல் உள்ள விமானத்தை ஓட்டக்கூடாது. விமானத்தின் எடை 86,000 பவுண்டை, அதாவது சுமார் 39 டன்னைத் தாண்டக்கூடாது. எத்தனை விமானம் இருக்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு உண்டு. காமேர் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்ட அதே கோடையில் டெல்டா விமானிகள் ஒரு புதிய ஒப்பந்தத்தை ஏற்றார்கள். அதன்படி 50 இருக்கை விமானங்கள் 125 ஆகக் குறையும், 76 இருக்கை விமானங்கள் 223 வரை கூடலாம், டெல்டாவின் சொந்த விமானிகளுக்கு 88 போயிங் 717 விமானங்கள் வரும். டெல்டா விமானிகளுக்கு அது வெற்றி. 50 இருக்கை ஓட்டிய பிராந்திய விமானிகளுக்கோ வேலைக்குறைப்பு. இரு தரப்பையும் பிரதிநிதித்துவப்படுத்தியது ஆல்பா என்ற ஒரே சங்கம். காமேர் விமானிகளில் ஒரு பகுதியினர் முன்பே தங்கள் சங்கத்தின் மீதே வழக்குப் போட்டிருந்தார்கள் என்றால் கசப்பு எவ்வளவு இருந்திருக்கும் என்று பாருங்கள்.

இந்த வேலி விமானத்தின் வடிவத்தையே மாற்றியிருக்கிறது. 2019இல் யுனைட்டெட் என்ற பெரிய நிறுவனம் சிஆர்ஜே 550 என்ற விமானத்தைக் கொண்டுவந்தது. 70 பேர் உட்காரக்கூடிய சிஆர்ஜே 700தான் அது. இருக்கைகளைக் கழற்றி 50 ஆக்கினார்கள். காரணம் ஒப்பந்தத்தின் வரம்பு. எம்ப்ரேயர் உருவாக்கிவந்த புதிய 175-ஈ2 எரிபொருளை மிச்சம் பிடிக்கும் என்ஜின் கொண்டது. ஆனால் 86,000 பவுண்டைத் தாண்டிவிட்டது. அமெரிக்கப் பிராந்திய நிறுவனங்கள் வாங்க முடியாததால் அதன் உருவாக்கம் 2022இல் நிறுத்தி வைக்கப்பட்டது. ஜப்பானின் மிட்சுபிஷி கட்டிய ஸ்பேஸ்ஜெட் விமானத்துக்கும் எடைச் சிக்கல் இருந்தது. 2023இல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. ஆக ஒரு பிராந்திய விமானியின் வேலை அவர் திறமையையோ தன் நிறுவனத்தையோ மட்டும் நம்பி இல்லை. அவர் ஒருபோதும் கையெழுத்திடாத இன்னொரு நிறுவனத்தின் ஊதிய ஒப்பந்தத்தையும் அது சார்ந்திருக்கிறது.

இதெல்லாம் விமானிகளின் பிரச்சினை, பயணிக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். 2009 பிப்ரவரி 12 இரவு, நுவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் 3407 விமானம் தரையிறங்கும் நேரத்தில் விழுந்தது. உள்ளே இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். சீட்டில் இருந்த பெயர் கான்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தினுடையது. வேகம் ஆபத்தான அளவுக்குக் குறைந்ததாக விமானம் எச்சரித்தபோது கேப்டன் செய்தது தவறான செயல் என்றது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். அதோடு இன்னொன்றும் சொன்னது: இருவரும் களைத்திருக்கக்கூடும். துணை விமானி முந்தைய இரவு நாட்டின் மேற்குக் கரையிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து நுவார்க் வந்தவர். கேப்டன் வீடு ஃப்ளோரிடாவில். இப்படி வீடு ஓர் ஊரில், தளம் வேறோர் ஊரில் என்று இருப்பது அந்தத் தொழிலில் சாதாரணம். விமானம் குறைந்தால் தளம் மூடப்படும். தளம் மாறும் ஒவ்வொரு முறையும் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? குறைந்த சம்பளத்தில் நுவார்க் போன்ற ஊரில் வீடு பிடிக்க முடியுமா? முடியாதவர்கள் பயணம் செய்தே வேலைக்கு வருவார்கள், களைப்போடு விமானி இருக்கையில் உட்காருவார்கள்.

இறந்தவர்களின் குடும்பங்கள் வாஷிங்டனில் விடாமல் போராடியதால் 2010இல் சட்டம் வந்தது. துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்றானது. ராணுவத்திலிருந்து வருபவர்களுக்கும் விமானப் பட்டம் பெற்றவர்களுக்கும் சலுகை உண்டு. 2014 முதல் பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு கட்டாயமானது. உண்மையில் விமானத்தை ஓட்டும் நிறுவனத்தின் பெயரைச் சீட்டு விற்கும்போதே சொல்ல வேண்டும் என்ற விதியும் வந்தது. களைப்பைக் கையாளச் சட்டம் முயன்றது. களைப்பை உண்டாக்கிய ஒப்பந்த அமைப்பை அது தொடவில்லை.

2020உம் அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளும் இந்த அமைப்பின் இரு பக்கத்தையும் காட்டின. 2020இல் கொரோனாவால் பறப்பு பெருமளவு குறைந்தது. டிரான்ஸ் ஸ்டேட்ஸ் என்ற பிராந்திய நிறுவனமும் காம்பஸும் ஏப்ரலில் மூடின. ஒரு காலத்தில் பெரிய பிராந்திய நிறுவனங்களில் ஒன்றாக இருந்த எக்ஸ்பிரஸ்ஜெட்டை விட்டுவிட்டு, அதன் சின்ன ஜெட் வேலையைக் கம்யூட்ஏர் என்ற நிறுவனத்திடம் யுனைட்டெட் ஒப்படைத்தது. செப்டம்பர் 30உடன் எக்ஸ்பிரஸ்ஜெட்டின் யுனைட்டெட் பறப்பு முடிந்தது. இரண்டே ஆண்டில் காட்சி மாறியது. பயணிகள் திரும்பினார்கள். பெரிய நிறுவனங்களில் விருப்ப ஓய்வு பெற்றுப் போனவர்களின் இடத்தை நிரப்ப பிராந்தியங்களிலிருந்து கேப்டன்களை வாரி எடுத்தார்கள். இப்போது விமானம் இருந்தும் ஓட்ட ஆள் இல்லை. அரசு மானியத்தோடு பறந்துவந்த 29 சின்ன ஊர்களை விட்டு விலகப் போவதாக 2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட் என்ற பிராந்திய நிறுவனம் அரசுக்கு அறிவிப்புக் கொடுத்தது. அந்த ஜூனில் அமெரிக்கனின் சொந்தப் பிராந்திய நிறுவனங்களில் துணை விமானியின் தொடக்க ஊதியம், தற்காலிகக் கூடுதல் தொகையோடு, மணிக்கு 90 டாலரானது. பத்தாண்டுக்கு முன் 25 டாலர் சுற்றில் இருந்த வேலை அது. அமெரிக்காவில் விமானிக்குச் சம்பளம் பறக்கும் மணி நேரத்துக்குத்தான். மாதம் 75 மணி என்று வைத்துப் பெருக்கிப் பார்த்தால் அந்த 25 டாலர் ஆண்டுக்கு எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். பத்தாண்டு காலம் கட்டுப்படியாகாது என்று சொல்லப்பட்ட சம்பளம், ஆள் கிடைக்காதபோது ஒரே மாதத்தில் கட்டுப்படியானது.

இதே வேளையில் நடந்த இன்னொரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேறு நிறுவனத்தில் பறந்த ஆண்டுகளைச் சம்பளக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம், இங்கே வாருங்கள் என்று பல பிராந்திய நிறுவனங்கள் விளம்பரம் செய்தன. அதாவது மூப்பைக் கையோடு கொண்டுபோக முடியும், குறைந்தது சம்பள அளவிலாவது. முடியாது என்று சொல்லப்பட்டதை, தேவை வந்ததும் நிறுவனங்களே செய்தன.

இனி நம் ஊருக்கு வருவோம். நம்மிடம் அமெரிக்கா போன்ற ஒப்பந்த முறை இல்லை. ஆனால் நிலையின்மைக்குக் குறைவில்லை. சென்னையிலிருந்து 2005இல் பாரமவுன்ட் ஏர்வேஸ் எம்ப்ரேயர் விமானங்களோடு பறக்கத் தொடங்கியது. மதுரை, கோயம்புத்தூர்ப் பயணிகளுக்கு அதன் சொகுசு இருக்கை நினைவிருக்கும். விமானத்தை வாடகைக்கு விட்டவர்களோடு தகராறு வந்து 2010இல் நின்றது. விஜயவாடாவின் ஏர் காஸ்டா 2013இல் எம்ப்ரேயரோடு வந்தது, 2017இல் நின்றது. விமானி உரிமம் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு விமான வகைக்கும் தனியாகத் தகுதி பெற வேண்டும். அதைத்தான் டைப் ரேட்டிங் என்கிறார்கள், அதற்கு லட்சக்கணக்கில் செலவாகும். அந்த நாட்களில் இந்தியாவின் பெரிய நிறுவனங்கள் ஏர்பஸ், போயிங், ஏடிஆர் ஓட்டின, எம்ப்ரேயர் ஓட்டவில்லை. நிறுவனம் மூடியபோது விமானியின் கையில் இருந்த தகுதிக்குச் சந்தையே இல்லாமல் போனது.

சேலத்துக்காரர்களுக்கு இன்னொரு அனுபவம். சின்ன ஊர்களுக்கும் விமானம் கொண்டுவர மத்திய அரசு தொடங்கிய உடான் திட்டத்தில் 2018இல் ட்ரூஜெட் என்ற நிறுவனம் சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே பறந்தது. 2021இல் சேவை நின்றது. 2023 அக்டோபரில்தான் மீண்டும் விமானம் வந்தது. உடானில் ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை என்று 2023இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொன்னது. தொடங்கியவற்றிலும் 112 மட்டுமே மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை முடித்தன. வழித்தடம் நின்றால் ஊர் மக்கள் பேருந்தோ ரயிலோ பிடித்துக்கொள்வார்கள். அந்த வேலைக்காகவே கடன் வாங்கிப் படித்து ஏடிஆர் விமானம் ஓட்ட வந்த இளம் விமானி என்ன செய்வார்?

நம் சட்டமும் முன்னறிவிப்பு விஷயத்தில் ஒரு பக்கமாகவே சாய்ந்து நிற்கிறது. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2017இல் போட்ட விதிப்படி ஒரு கேப்டன் வேலையை விட ஓராண்டு முன்னறிவிப்பு தர வேண்டும். துணை விமானி ஆறு மாதம். பயணிகள் பாதிக்கப்படக் கூடாது என்பது அதற்குச் சொன்ன காரணம். ஏற்கத்தக்க காரணம்தான். ஆனால் 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் நின்றபோது விமானிகளுக்குப் பல மாதச் சம்பளப் பாக்கி இருந்தது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றபோதும் எவருக்கும் ஓராண்டு முன்னறிவிப்பு கிடைக்கவில்லை. விமானி திடீரென்று போவது பயணிக்கு இடைஞ்சல் என்றால் நிறுவனம் திடீரென்று போவது அதைவிடப் பெரிய இடைஞ்சல்.

மாதம் லட்சங்களில் வாங்குகிறவர்களுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்கலாம். பெரிய நிறுவனத்தின் மூத்த கேப்டனுக்காகக் கவலைப்படச் சொல்லவில்லை. கடனோடு வேலையில் சேர்ந்து, இரண்டே ஆண்டில் நிறுவனம் மூடிப்போய், அடுத்த இடத்தில் கீழ்ப்படியில் நிற்கிறவரைப் பற்றிப் பேசுகிறேன். அவர் களைப்பும் பயமும் அவரோடு நிற்பதில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் நமக்கும் அதில் பங்கு இருக்கிறது. விமானிகள் களைத்திருக்கக்கூடும் என்று கோல்கன் விபத்தின் விசாரணை எழுத்தில் பதிவு செய்ததை மறக்க வேண்டாம்.

என் கோரிக்கை இரண்டுதான். ஒன்று, பறந்த ஆண்டுகள் பறந்தவருடையவை. விமானங்கள் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அவற்றை ஓட்டியவர்களின் சேவைக்காலமும் ஊதியக் கணக்கில் கூடவே போக வேண்டும். அது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று இனி யாரும் சொல்ல முடியாது. 2022இல் நிறுவனங்கள் தாமாகவே செய்து காட்டிவிட்டன. இரண்டு, முன்னறிவிப்பு இரு தரப்புக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஊழியரிடம் ஓராண்டு கேட்கும் நிறுவனம், தான் நின்றுபோனால் கொடுக்க வேண்டிய சம்பளத்துக்கு முன்கூட்டியே ஈடு வைக்கட்டும்.

விமானியாக விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சின்ன நிறுவனம் வேலை தருகிறேன் என்று கூப்பிட்டால் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். விமானங்கள் யாருக்குச் சொந்தம், வாடகை என்றால் எப்போது வரை என்று கேளுங்கள். நிறுவனம் யாருடைய ஒப்பந்தத்தை அல்லது எந்த மானியத்தை நம்பி நடக்கிறது, அது எந்த ஆண்டு முடிகிறது என்று கேளுங்கள். நீங்கள் பெறப் போகும் டைப் ரேட்டிங்கை நாட்டில் வேறு யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். பயிற்சிச் செலவுக்காக எழுதிக் கொடுக்கும் பத்திரம், நிறுவனமே மூடிவிட்டால் செல்லுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்டால் வேலை கிடைக்காமல் போகுமோ என்று பயப்பட வேண்டாம். பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்தைத் தவிர்த்தால் உங்களுக்கு நட்டமில்லை. ஒருவராகக் கேட்டால் தட்டிக் கழிப்பார்கள். சேரும் எல்லோரும் கேட்டால் ஒப்பந்தத்தில் எழுதித்தான் ஆக வேண்டும்.